வளராத காயம், வளரும் குழந்தை



கைகால்கள் தன் விருப்பத்திற்கு இணங்காத ஒரு குழந்தையைக் காணும்போது, பலர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. இக்குழந்தைக்கு அறிவும் குறைவு என்பது ஒன்று. இதற்கு இனிச் செய்யக் கூடியது யாதுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையானவை என்பதை விளக்கவே இன்று மூளை முடக்குவாதத்தைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன்.

முதற்கண் இஃது யாது என்று பார்ப்போம். குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ, வளர்ந்து வரும் மூளையின் ஒரு பகுதி ஊறுபடுகிறது. தசைகள் குறையுடன் தோன்றுவதில்லை; அவற்றிற்குக் கட்டளை விடுக்கும் இடத்தில்தான் பழுது நேர்கிறது. அதனால் சிலருக்குத் தசைகள் விறைத்து நிற்கும். சிலருக்கு உறுப்புகள் தாமாகவே அசையும். சிலருக்கு நடை தள்ளாடும். குறைமாதப் பிறப்பு, கருவுற்ற தாய்க்கு நேரும் சில தொற்றுநோய்கள், பிறந்த குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. இஃது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. தாயின் குற்றமும் அன்று. முன்வினைப் பயனும் அன்று.

இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர், பிள்ளைப்பேற்றின் இடர்களுக்கும் இந்நிலைக்கும் உள்ள தொடர்பை 1861-ஆம் ஆண்டில் மருத்துவர் சங்கத்தில் எடுத்துரைத்தார். அவரே இளமையில் உற்ற நோயினால் பாதம் வளைந்து துன்புற்றவர். பின்னர் 1897-இல், உளவியலால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, இடர்ப்பட்ட பேறே சில வேளைகளில் கருவில் முன்னரே நேர்ந்த ஊற்றின் விளைவாக இருக்கலாம் என்று கருதினார். இன்றைய மருத்துவம் இவ்விருவர் கருத்திலும் உண்மை உண்டு என்று ஏற்கிறது.

இனி நான் சொல்லப் போவதை நீங்கள் நன்கு நினைவில் இருத்த வேண்டும். மூளையில் நேர்ந்த அக்காயம் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்திற்கு ஈடாக விறைத்த தசை நீளுவதில்லை. அதனால் மூட்டுகள் மடங்கி நிற்கும். இடுப்பெலும்பு மெல்ல மெல்ல இடம் பெயரும். இக்குழந்தைகளில் நால்வரில் மூவருக்கு வலி உண்டு. நால்வரில் ஒருவருக்கு வலிப்பு நோயும் உண்டு. பேச இயலாத குழந்தை தன் வலியை யாரிடம் சொல்லும்?

ஆகவே காயத்தை ஆற்ற முடியாவிடினும், அதனால் பின்னர் விளையும் துன்பங்களில் பலவற்றைத் தடுக்கவும் தணிக்கவும் முடியும். முதலாண்டிலேயே கண்டறிந்து பயிற்சி தொடங்குவது நலம். இளமூளைக்குப் புதுவழி கற்கும் ஆற்றல் மிகுதி. இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகள், காலந்தோறும் இடுப்பைச் சோதித்தல், நல்ல உறக்கம், பற்களின் தூய்மை ஆகியவை யாவும் வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து உணவூட்டுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. படுத்த நிலையில் ஊட்டினால், உணவு மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும்.

அறிவைப் பற்றிய எண்ணத்திற்கு வருவோம். இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவுத்திறனில் குறை இல்லை. குறை உள்ளவர்களும் தத்தம் அளவில் கற்கிறார்கள், மகிழ்கிறார்கள், அன்பு செய்கிறார்கள். அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1932-இல் பிறந்த கிறிஸ்டி பிரவுனை, அறிவற்ற குழந்தை என்றே பலர் எண்ணினர். அவர் தாய் அதனை ஏற்கவில்லை. ஐந்து வயதில் அவர் இடக்கால் விரல்களால் சுண்ணக்கட்டியைப் பற்றினார். தாய் எழுத்தைக் கற்பித்தார். 1954-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூல் உலகப் புகழ் பெற்றது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றிலும் அத்தகைய மாணவன் ஒருவன் இருந்தான். ஒரு விடையைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் ஆகும். பத்து விநாடிக்குள் வேறொருவன் அதைச் சொல்லிவிடுவான். கணித ஆசிரியர் ஒருவர், அவன் முடிக்கும்வரை வகுப்பில் எவரும் வாய் திறத்தலாகாது என்று விதித்தார். ஒரு திங்களுக்குள், அவன் கணக்கில் முதல் வரிசையில் நிற்பவன் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவன் புதிதாக ஒன்றும் கற்றுவிடவில்லை. அந்த ஒரு நிமிடம் அவனுக்குக் கிடைத்தது, அவ்வளவே.

கனடா நாட்டு மருத்துவர்களான பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் ஆகிய இருவரும் 2012-இல் இக்குழந்தைகளின் நலனை ஆறு சொற்களில் அடக்கினர்: செயல், குடும்பம், உடல்வலிமை, களிப்பு, நட்பு, எதிர்காலம். நடையின் அழகைவிடக் குழந்தை தான் விரும்பிய செயலைத் தன் வழியில் செய்வதே பெரிது என்பது அவர்கள் கருத்து. இவ்வாறனுள் மருந்துக் கடையில் கிடைப்பது எது? நட்பை உங்களையன்றி வேறு யார் தருவார்?

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மூளை முடக்குவாதத்தையும் உள்ளிட்டு 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி உரிமையாகும். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் துணையும் அளிக்க அச்சட்டம் வழி செய்கிறது. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற நிறுவனங்கள் பயிற்சியும் கல்வியும் தந்து வருகின்றன.

எனினும் வகுப்பறைக்குள் சட்டம் வந்து அமர்ந்து நட்புக் கொள்ளாது. ஆதலின் உங்களிடம் சில வேண்டுகோள்கள். அத்தகைய தோழனிடம் பேசும்போது அவன் கண்மட்டத்தில் அமருங்கள். உடன் வந்தவரிடம் கேளாது, அவனிடமே கேளுங்கள். அவன் இசைவின்றிச் சக்கர நாற்காலியைத் தள்ளாதீர்கள். விளையாட்டில் அவனுக்கும் ஓர் இடம் வகுத்துக் கொள்ளுங்கள். வினா ஒன்றைக் கேட்டுவிட்டால், அவன் விடை முடியும்வரை காத்திருங்கள்.