மின்சாரம் நின்றால் கதவு திறக்குமா?

எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திற்கு முன்னாள் மாணவர் ஒருவர் மின்னணுப் பூட்டு ஒன்றை வாங்கித் தந்தார். கணினிகள் காணாமல் போய்விடுமோ என்ற கவலை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. எனவே மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டோம். பொருத்தியவர் அட்டையைக் காட்டினார், கதவு திறந்தது. உள்ளே இருந்த பொத்தானை அழுத்தினார், மீண்டும் திறந்தது. நானும் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு, "நன்றாக வேலை செய்கிறது" என்று பதிவேட்டில் கையெழுத்திட்டேன். ஆய்வகப் பொறுப்பு ஆசிரியர் நான்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகல். எட்டாம் வகுப்பு மாணவர்கள் 22 பேரும் சக ஆசிரியை ஒருவரும் ஆய்வகத்தில் இருந்தார்கள். மின்சாரம் நின்றது. கணினிகள் யூ.பி.எஸ். மூலம் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடவேளை முடிந்து மணி அடித்ததும் ஒரு மாணவி பொத்தானை அழுத்தினாள். கதவு திறக்கவில்லை. இன்னொருவன் அழுத்தினான். திறக்கவில்லை. வெளியிலிருந்து நான் அட்டையைக் காட்டினேன். அட்டை படிக்கும் கருவியில் விளக்கே எரியவில்லை. சன்னல்களில் இரும்புக் கம்பி. உள்ளே அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஊரில் மின்வேலை செய்யும் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "டீச்சர், பதறாதீங்க. தலைமையாசிரியர் ரூம்ல பவர் சப்ளை பாக்ஸ் இருக்குல்ல? முதல்ல அதோட மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பாக்ஸைத் திறந்து பேட்டரி ஒயர் ஒண்ணைக் கழட்டி விடுங்க" என்றார். கழற்றினேன். அடுத்த நொடி கதவு திறந்தது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் நம்முடையது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் உள்ளே புகை வந்திருந்தால்?

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்தும் நான், என் பொறுப்பில் உள்ள கதவின் மின்சுற்றைப் பார்க்காமலேயே கையெழுத்திட்டிருந்தேன். மறுநாள் அந்த அண்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ந்து பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டதே இக்கட்டுரை.

பூட்டின் உள்ளே இருப்பது பாடநூலில் உள்ள மின்காந்தம்

இவ்வகைக் கதவுகளில் பெரும்பாலும் இருப்பது மின்காந்தப் பூட்டு. நிலையின் மேல்பகுதியில் ஒரு கம்பிச்சுருளும் இரும்பு உள்ளகமும் கொண்ட நீண்ட பெட்டி இருக்கும். கதவில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். சுருளில் 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டம் பாயும்போது உள்ளகம் காந்தமாகித் தகட்டைப் பிடித்துக்கொள்கிறது. பரவலாகக் கிடைக்கும் வகை, சுமார் 280 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசையோடு பிடிக்கும். இதற்கு அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ அரை ஆம்பியர்தான். மின்னோட்டம் நின்றால் காந்தத்தன்மை போய்விடும், கதவு விட்டுவிடும்.

இங்கே ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வேறுபாடு வருகிறது. மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும் பூட்டு ஒரு வகை. மின்சாரம் நின்றால் பூட்டியே இருக்கும் பூட்டு இன்னொரு வகை. மின்காந்தப் பூட்டு முதல் வகையைச் சேர்ந்தது. நாக்கு நீண்டு நிலைக்குள் நுழையும் மின்பூட்டுகளில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. பிள்ளைகள் இருக்கும் அறைக்கு முதல் வகைதான் பொருந்தும். எங்களுடையதும் முதல் வகைதான். பிறகு ஏன் திறக்கவில்லை?

மூன்று முனைகள்

அட்டையைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஒரு ரிலே இருக்கிறது. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சு. அதில் மூன்று முனைகள்: பொது முனை, என்.சி. முனை, என்.ஓ. முனை. ரிலே ஓய்வில் இருக்கும்போது பொது முனையும் என்.சி.யும் இணைந்திருக்கும். ரிலே இயங்கும்போது அந்த இணைப்பு விட்டு, பொது முனை என்.ஓ.வோடு சேரும்.

மின்காந்தப் பூட்டுக்கு என்.சி. முனையைப் பயன்படுத்துவது வழக்கம். மின்வழங்கியின் நேர்முனையிலிருந்து வரும் கம்பி பொது முனைக்கு, என்.சி.யிலிருந்து பூட்டுக்கு, பூட்டிலிருந்து மின்வழங்கியின் எதிர்முனைக்கு. சரியான அட்டையைக் காட்டினால் ரிலே சில நொடிகள் இயங்கும், பூட்டுக்குப் போகும் மின்னோட்டம் அறுபடும், கதவு திறக்கும். உள்ளே இருக்கும் வெளியேறும் பொத்தானும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு "திற" என்று சொல்லும் வேலையைத்தான் செய்கிறது. பூட்டோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

எங்கள் பள்ளியில் நடந்தது இதுதான். பூட்டுக்கு மின்சாரம் தந்த பெட்டியில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இருந்தது. கட்டுப்பாட்டுக் கருவியோ பக்கத்துச் சுவரில் இருந்த தனி அடாப்டரில் செருகப்பட்டிருந்தது. அதற்கு பேட்டரி இல்லை. மின்சாரம் நின்றதும் கட்டுப்பாட்டுக் கருவி செயலிழந்தது. ரிலே ஓய்வு நிலைக்குப் போனது. ஓய்வு நிலையில் என்.சி. இணைந்தே இருக்கும். எனவே பேட்டரியிலிருந்து பூட்டுக்கு மின்னோட்டம் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் கேட்பதற்குக் கருவி உயிரோடு இல்லை.

பூட்டு நல்ல பூட்டு. பேட்டரி நல்ல பேட்டரி. கருவியும் பழுதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தும் இணைத்த விதம் தவறு. அரை ஆம்பியர் கணக்கில் அந்த பேட்டரி பல மணி நேரம் கதவைப் பிடித்து வைத்திருக்கும்.

நாங்கள் மாற்றியவை

முதலாவது, பூட்டும் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரே மின்வழங்கியிலிருந்து இயங்கும்படி மாற்றினோம். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத நிலை இனி வராது.

இரண்டாவது, அவசரகால விடுவிப்புச் சுவிட்சு ஒன்றைக் கதவருகே உள்பக்கம் பொருத்தினோம். பச்சை நிறப் பெட்டி. நடுவில் உள்ள தகட்டை அழுத்தினால் போதும். இது கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகவில்லை. பூட்டுக்குச் செல்லும் கம்பியிலேயே தொடரிணைப்பில் இருக்கிறது. கருவி பழுதானாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், இதை அழுத்தினால் சுற்று அறுந்து கதவு திறக்கும். தொடரிணைப்பில் எந்த ஓர் இடத்தில் துண்டித்தாலும் முழுச் சுற்றும் நிற்கும் என்று நாம் நடத்துகிறோமே, அந்தப் பாடம்தான் இங்கே உயிர்காக்கும் ஏற்பாடு.

மூன்றாவது, பேட்டரியையே எடுத்துவிட்டோம். இதில் தலைமையாசிரியருக்கு முதலில் தயக்கம் இருந்தது. "ராத்திரி கரண்ட் போனா கதவு திறந்துக்குமே டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆய்வகத்தின் வெளியே ஏற்கெனவே இரும்புக் கிரில் கதவு இருக்கிறது. மாலையில் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்த பிறகு அதில் பழைய பூட்டைப் பூட்டுகிறோம். காலையில் திறந்ததும் அந்தப் பூட்டைக் கழற்றி அலுவலகத்தில் வைத்துவிடுகிறோம். பகலில் மின்னணுப் பூட்டு, இரவில் திண்டுக்கல் பூட்டு. பொருளுக்கும் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

நான்காவது, பூட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை இணைத்தோம். கம்பிச்சுருளில் மின்னோட்டம் திடீரென அறுபடும்போது தன்மின் தூண்டலால் உயர்ந்த மின்னழுத்தம் ஒரு கணம் தோன்றும். அது ரிலேயின் தொடுமுனைகளில் பொறியை உண்டாக்கி, நாளடைவில் அவை ஒட்டிப்போகக் காரணமாகலாம். டையோடின் வெள்ளிக்கோடு உள்ள முனை நேர்முனையோடு சேர வேண்டும். மாற்றி வைத்தால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். சில பூட்டுகளில் இந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கும்.

இந்த வேலைகளில் 230 வோல்ட் பக்கம் முழுவதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தார். நான் பார்த்தேன், கேட்டேன், படம் வரைந்துகொண்டேன். மாணவர்கள் அந்தப் பெட்டியின் அருகே வரவே இல்லை.

கம்பியின் பருமனும் ஒரு கணக்கும்

கம்பிகளைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மின்வழங்கியிலிருந்து கதவு 20 மீட்டர் தூரம். போகவர 40 மீட்டர். போட்டிருந்த செம்புக் கம்பியின் குறுக்குப்பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர். இதைப் பத்தாம் வகுப்பில் கணக்காகவே கொடுத்தேன்.

செம்பின் மின்தடை எண் 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். நீளத்தால் பெருக்கிக் குறுக்குப்பரப்பால் வகுத்தால் கம்பியின் மின்தடை 3.44 ஓம். பூட்டு 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் எடுத்துக்கொள்வதால் அதன் மின்தடை 24 ஓம். இரண்டும் தொடரிணைப்பு, மொத்தம் 27.44 ஓம். மின்னோட்டம் 0.44 ஆம்பியர். பூட்டுக்குக் கிடைப்பது சுமார் 10.5 வோல்ட்தான். மீதி ஒன்றரை வோல்ட் கம்பியிலேயே வீணாகிறது. கம்பியை 1 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் அதன் மின்தடை 0.69 ஓம், பூட்டுக்கு 11.7 வோல்ட் கிடைக்கிறது.

"புத்தகக் கணக்குல கம்பி எங்க இருக்குன்னே தெரியாது டீச்சர். இது நம்ம வராண்டாவுல இருக்கு" என்றான் ஒரு மாணவன். வழக்கமாகக் கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொள்பவன் அவன்.

வகுப்பறையில் செய்த மாதிரி

ஒன்பதாம் வகுப்பில் காந்தவியல் மற்றும் மின்காந்தவியல் நடத்தும்போது இதையே ஒரு செயல்பாடாக்கினேன். தேவையானவை: பெரிய இரும்பு ஆணி, எனாமல் பூசிய செம்புக் கம்பி, 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, அழைப்புமணிச் சுவிட்சு போன்ற சிறு சுவிட்சுகள் இரண்டு, சிறு இரும்புத் துண்டு.

ஆணியில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கம்பி முனைகளின் எனாமலைச் சுரண்டி, இரண்டு சுவிட்சுகளையும் தொடரிணைப்பில் சேர்க்க வேண்டும். ஒரு சுவிட்சுக்கு "அட்டை" என்றும் மற்றொன்றுக்கு "அவசரம்" என்றும் பெயர் ஒட்டினோம். இரண்டும் மூடியிருந்தால் மட்டுமே ஆணி இரும்பைப் பிடிக்கும். எதைத் திறந்தாலும் இரும்பு விழும். நான்கு சாத்தியங்களையும் மாணவர்களே அட்டவணையாக எழுதினார்கள்.

பிறகு ஆணிக்கும் இரும்புக்கும் இடையே ஒரு தாள், இரண்டு தாள் என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிடிமானம் சட்டென்று குறைந்தது. காந்தப் பூட்டில் தகடு இறுகத் திருகப்படாமல், ரப்பர் வளையத்தின் மேல் சற்றே ஆடும்படி இருப்பது ஏன் என்று அப்போது அவர்களே சொல்லிவிட்டார்கள். முழுப்பரப்பும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும் அல்லவா! கம்பிச்சுருள் விரைவில் சூடாகும். எனவே பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து இணைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் பள்ளியில் இத்தகைய கதவு இருந்தால்

ஆய்வகம், அலுவலகம், ஆவண அறை என்று மின்னணுப் பூட்டுகள் பள்ளிகளுக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன. பொறுப்பேற்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்து கதவைத் திறக்க முடிகிறதா?

2. கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டால் திறக்க முடிகிறதா?

3. அவசரச் சுவிட்சு பூட்டின் மின்சுற்றை நேரடியாகத் துண்டிக்கிறதா, இல்லை கருவியின் வழியாகவா?

4. அந்தச் சுவிட்சு ஆறாம் வகுப்புக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளதா? சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கும் எட்டுமா?

5. இணைப்புப் படம் பள்ளியில் இருக்கிறதா? பொருத்தியவர் வர முடியாத நாளில் அதுதான் துணை.

இந்த ஐந்துக்கும் வாயால் பதில் வாங்காதீர்கள். கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். நான் அன்று மின்சாரம் இருக்கும்போது மட்டும் சோதித்தேன். அதுவே என் தவறு.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை எங்கள் ஆய்வகக் கதவைச் சோதிக்கிறோம். மின்பெட்டியின் சுவிட்சை நான் நிறுத்துவேன். உள்ளே நின்று கதவைத் தள்ளிப் பார்ப்பது, அன்று முதலில் பொத்தானை அழுத்திய அதே மாணவி. இப்போது ஒன்பதாம் வகுப்பு. முதல் மாதம் உள்ளே தனியாகப் போகத் தயங்கினாள், நான் கதவருகே நின்றேன். இப்போது அவளே பதிவேட்டை எடுத்து வந்து, தேதி போட்டு, "திறந்தது" என்று எழுதிவிட்டு, கையெழுத்துக்காக என்னிடம் நீட்டுகிறாள். கதவைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.