பர்மிட் மறுக்கப்பட்டவர்கள்

சாலையும் சட்டமும் – 9

சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு இரண்டு எக்ஸ்பிரஸ் பஸ்கள் விட மாநிலப் போக்குவரத்து ஆணையம் விண்ணப்பம் கேட்டது. பர்மிட் இரண்டே இரண்டு. வந்து குவிந்த விண்ணப்பங்கள் 107.

ஒரு பர்மிட்டை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்குத் தகுதியான ஆள் மீதிப் பேரில் யாருமில்லை, புதிதாக விண்ணப்பம் கேட்கலாம் என்று ஆணையம் முடிவு செய்தது. மறுக்கப்பட்டவர்களில் பலர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தீர்ப்பாயம் இரண்டாவது பர்மிட்டை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்தது. அங்கே தோற்ற இன்னொருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு ஜெயித்தார். பர்மிட் வாங்கியவர் டெல்லிக்கு ரயிலேறினார். சிதம்பரம் பஸ்ஸின் தலைவிதி 1963-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன்னால் வந்து நின்றது.

ஒற்றை பஸ்ஸுக்கு இத்தனை போராட்டம் ஏன் என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். பஸ் தொழிலில் இருப்பவர்களுக்குத் தோன்றாது. வண்டியைக் கடனுக்கு வாங்கலாம். பாடி கட்டிக்கொள்ளலாம். டிரைவரும் கண்டக்டரும் கிடைப்பார்கள். கிடைக்காதது ரூட்தான். எங்கிருந்து எங்கே, எத்தனை நடை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எங்கெங்கே நிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்திட்ட அந்தக் காகிதம் இல்லையென்றால், புது வண்டி ஷெட்டில் நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான். பஸ் முதலாளியின் உண்மையான முதல் அந்தக் காகிதம்.

அதைக் கொடுக்கும் அதிகாரத்தை வகுத்தது 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பர்மிட் இல்லாமல் பயணிகளை ஏற்றக் கூடாது என்றது அதன் 42-வது பிரிவு. கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று 47-வது பிரிவு சொன்னது: பொதுமக்களின் நலன், அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓடும் பஸ்கள் போதுமா, சாலை எப்படி இருக்கிறது, அந்தப் பகுதிக்கு என்ன பயன். விண்ணப்பத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும், ஆட்சேபம் வந்தால் வாங்க வேண்டும், குறித்த நாளில் இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும் என்றது 57. அந்தப் பிரிவின் கடைசியில், அவசரமாகப் படிப்பவர் கண்ணில் படாத ஓர் உட்பிரிவு இருந்தது. விண்ணப்பத்தை மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது அது.

இந்தச் சின்ன உட்பிரிவுக்கு உரிய மரியாதையை யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. “முடியாது” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் காரணம் சரியா என்று கேட்க இன்னோர் இடம் உண்டு. 64-வது பிரிவு அந்த இடத்தைக் காட்டியது. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

1950-ல் அரசியல் சாசனம் வந்ததும் கேள்வியே மாறியது. அதுவரை பர்மிட் என்பது சர்க்கார் பார்த்துக் கொடுக்கும் சலுகை. பஸ் ஓட்டுவது குடிமகனின் தொழில் உரிமை அல்லவா, சாலை யாருடைய சொத்து என்று வக்கீல்கள் இப்போது கேட்கத் தொடங்கினார்கள். தென்காசியைச் சேர்ந்த சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸ் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. சாலைகள் அரசிடம் இருக்கின்றன என்பது உண்மை; ஆனால் பொதுமக்களுக்காக, அறங்காவலர் என்ற முறையில்தான் அரசு அவற்றை வைத்திருக்கிறது; அவற்றைப் பயன்படுத்துவது மக்களின் உரிமை. இப்படி எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கட்ராம அய்யர். சங்கீத ரசிகர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். தீட்சிதர் கிருதிகளில் ஆழ்ந்த புலமை உள்ளவர், சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர்.

உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷஹர் – டெல்லி தடத்தில் தனியார் பஸ்களை அப்புறப்படுத்திவிட்டு அரசு பஸ்ஸை மட்டும் ஓட்ட ஒரு சட்டம் வந்தபோது, அந்தத் தடத்து ஆபரேட்டர்கள் சகீர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1954-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்த நீதிமன்றம், சென்னைத் தீர்ப்பின் அந்த வரிகளை அப்படியே எடுத்து ஆமோதித்தது. தென்காசி பஸ் கம்பெனியின் வழக்கில் பிறந்த கருத்து நாடு முழுவதுக்கும் சட்டமானது.

உரிமை இருக்கிறது, சரி. அப்படியானால் நீதிமன்றமே பர்மிட் கொடுத்துவிடலாமா?

இதற்கு விடை சகீர் அகமதுக்கு முன்பே, 1952-ல் கும்பகோணம் – காரைக்கால் தடத்திலிருந்து வந்திருந்தது. ஒரு பக்கம் பொறையாறைச் சேர்ந்த வீரப்பப் பிள்ளையின் சத்தி விலாஸ் பஸ் சர்வீஸ், இன்னொரு பக்கம் கும்பகோணத்தின் பெரிய கம்பெனியான ராமன் அண்ட் ராமன். சண்டை ஐந்து பஸ்களுக்கான பர்மிட் பற்றியது. வண்டிகள் யாருக்குச் சொந்தம் என்று சிவில் கோர்ட்டில் ஒரு வழக்கு, பர்மிட் யாருக்கு என்று போக்குவரத்து அதிகாரிகளிடம் இன்னொரு வழக்கு. காரைக்கால் அன்று பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். நாற்பதுகளில் தொடங்கிய இந்தத் தகராறு வட்டார ஆணையம், அதற்கு மேல் போக்குவரத்து போர்டு, அதற்கும் மேல் மாகாண அரசு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் ஒருவர் ஜெயிப்பார், அடுத்த இடத்தில் மற்றவர். கடைசியில் உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்ததோடு நிற்காமல், ராமன் அண்ட் ராமனுக்கே பர்மிட் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது.

உச்ச நீதிமன்றம் அங்கேதான் கையைப் பிடித்தது. வண்டி சொந்தம் என்பதாலேயே பர்மிட் சொந்தமாகிவிடாது. யாருக்குக் கொடுப்பது என்று எடைபோட்டு முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டம் ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. நீதிமன்றம் அந்த நாற்காலியில் ஏறி உட்கார முடியாது. அதிகாரி தனக்கில்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டாலோ, இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த மறுத்தாலோ, இயற்கை நீதியை மீறினாலோ, உத்தரவைப் படித்ததுமே தெரிகிற சட்டப் பிழை இருந்தாலோ மட்டுமே ரிட். இன்றைக்கும் ரிட் அதிகாரத்தின் எல்லையைப் பற்றிப் பேசும் வக்கீல்கள் இந்த வீரப்பப் பிள்ளை வழக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஆக, பர்மிட் மறுக்கப்பட்டவர் வழக்கில் ஜெயித்தாலும் கையில் பர்மிட்டோடு வீடு திரும்புவதில்லை. “சட்டப்படி மறுபடி முடிவு செய்யுங்கள்” என்ற உத்தரவோடுதான் திரும்புகிறார். கடன் வாங்கி வண்டி எடுத்து நிற்பவருக்கு இது எவ்வளவு கசப்பு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மறு முடிவு நேர்மையாக நடக்க வேண்டும் என்ற வாதத்திலிருந்துதான் இந்தக் கதையின் பெரிய வெற்றி வந்தது.

1948-ல் சென்னை மாகாண சட்டமன்றம் 43-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, போக்குவரத்து ஆணையங்களுக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருந்தது. அதன்படி 1956 ஏப்ரல் 28-ல் 1298 என்ற எண்ணில் ஓர் அரசாணை வந்தது. விண்ணப்பதாரர்களுக்கு மார்க் போட வேண்டும் என்றது அது. பட்டறை வைத்திருந்தால் இவ்வளவு, தடத்தில் அலுவலகமோ வீடோ இருந்தால் இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு, சில பஸ்களை மட்டும் வைத்திருக்கும் சின்ன ஆபரேட்டர் தாக்குப்பிடிக்கிற அளவுக்கு வளர உதவியாக இவ்வளவு. மொத்த மார்க்கில் முந்துபவருக்கு பர்மிட். நோக்கத்தில் பெரிய குற்றம் சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகளே எல்லா ரூட்டையும் வளைத்துக்கொள்ளும் காலத்தில், சின்ன ஆளுக்கும் இடம் விட இது ஒரு வழி.

சென்னை – கிருஷ்ணகிரி எக்ஸ்பிரஸ் தடத்தில் இந்த மார்க் முறை சோதனைக்கு வந்தது. அங்கேயும் இரண்டு பர்மிட், நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். ஆணையம் கூட்டிப் பார்த்தபோது பி. ராஜகோபால் நாயுடு முதலிடம். தீர்ப்பாயம் மறுபடி கூட்டியபோது வேறொருவர் முதலிடம். அதே ஆட்கள், அதே ஆவணங்கள், அதே அரசாணை. பர்மிட் கைமாறியது. நாயுடு உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமும், பிறகு டிவிஷன் பெஞ்சிலும் தோற்றார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, மார்க் கூட்டலில் பிழை என்று மட்டும் அவர் தரப்பு வாதாடவில்லை. மார்க் போடச் சொல்ல அரசு யார் என்று கேட்டது.

கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பர்மிட் விசாரணையில் ஆணையம் வெறும் ஆபீஸ் வேலை செய்யவில்லை. இரு தரப்பையும் கேட்டு, சான்றுகளைப் பார்த்து, இவருக்கு ஆம், அவருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் முன்சீப்புக்கு, இன்ன சாட்சிக்கு இவ்வளவு எடை கொடுங்கள் என்று அரசாங்கம் கடிதம் எழுதினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? 1964-ல் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான். 43-ஏ பிரிவின்படி நிர்வாக விஷயங்களில் அரசு உத்தரவு போடலாம். தீர்ப்புச் சொல்லும் வேலையில் வழிகாட்ட முடியாது. 1298 அரசாணை செல்லாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவும் நிற்காது.

எட்டு ஆண்டுகளாக மாநிலம் முழுவதும் பர்மிட் கொடுத்ததும் மறுத்ததும் அந்த அரசாணையின் அடிப்படையில்தான். ஒரு பஸ் முதலாளி அதை வீழ்த்தினார் என்பது சின்ன விஷயமில்லை. பின்னாளில் அரசு அதே மார்க் முறையை மோட்டார் வாகன விதிகளிலேயே 155-ஏ விதியாகச் சேர்த்தது. அப்படியானால் என்ன மாறியது என்று கேட்கலாம். விதி என்பது சட்டப்படி வெளியிடப்பட்டு, யாரும் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடியது. தலைமைச் செயலகத்திலிருந்து ஆணையத்துக்குப் போகும் உத்தரவு அப்படியல்ல. இந்த வித்தியாசத்துக்காக ஒருவர் டெல்லி வரை போனது வீண் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்திலிருந்து வந்த குள்ளப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கு, விசாரிப்பவரே முடிவெடுக்க வேண்டும் என்ற கருத்துக்கு ஏற்கெனவே துணை நின்றிருந்தது. அரசு போக்குவரத்துக் கழகத்துக்காகத் தனியார் பஸ்களை அகற்றும் திட்டம் பற்றியது அது. ஆட்சேபங்களைக் கேட்டவர் துறைச் செயலாளர், முடிவெடுத்தவர் முதலமைச்சர். கேட்டது ஒருவர், தீர்ப்புச் சொன்னது இன்னொருவர் என்றால் அந்த விசாரணை வெறும் சடங்கு என்று 1959-ல் நீதிபதி சுப்பா ராவ் எழுதினார். அதன் பிறகு முதலமைச்சரே உட்கார்ந்து விசாரித்தார். அந்த முறை ஆபரேட்டர்கள் தோற்றார்கள்.

தொடக்கத்தில் சொன்ன சிதம்பரம் வழக்கில் ரிட் போட்டவரின் முக்கியமான குறை பட்டறை பற்றியது. அந்தச் சான்றைத் தீர்ப்பாயம் சரியாகப் பார்க்கவில்லை என்றார். உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை ஏற்கவில்லை. பட்டறை இருக்கிறதா, இல்லையா என்பது உண்மை நிலவரம் பற்றிய கேள்வி. அதில் தீர்ப்பாயம் தவறியிருந்தாலும், தவறு எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும், ரிட்டில் திருத்த முடியாது. சட்டப் பிழையைத்தான் திருத்தலாம். சான்றே இல்லாமல் எடுத்த முடிவு என்றால் அது சட்டப் பிழையாகும். சுப்பா ராவ் இதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். சையது யாகூப் என்ற பெயரில் இந்த வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தீர்ப்பாயத்தில் பட்டறைக் கணக்கைச் சரியாக நிரூபிக்காதவருக்கு மேலே போய்ப் பயனில்லை என்பதைப் பஸ் முதலாளிகளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளில் ஆட்டமே மாறியது. 1972-ல் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசுக் கழகங்கள் வந்தன. பெரிய தனியார் கம்பெனிகளின் பஸ்கள் அரசு பஸ்களாயின. 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம் எதிர்த் திசையில் கதவைத் திறந்தது. பர்மிட் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்கிறது அதன் 80-வது பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுப்பதோடு, விண்ணப்பதாரர் தரப்பைக் கேட்கவும் வேண்டும். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், புதியவருக்கு பர்மிட் கொடுக்காதே என்று மிதிலேஷ் கார்க் வழக்கில் வந்தபோது, போட்டி வருகிறது என்பது குறையாகாது என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

ஆனாலும் இன்று புதிதாக ரூட் கேட்பவருக்குப் பெரும்பாலும் முட்டுக்கட்டையாக நிற்பது அரசுக் கழகத்துக்கென்று அறிவிக்கப்பட்ட தடம். கேட்கும் ரூட்டின் ஒரு பகுதி அந்தத் தடத்தின் மேல் விழுந்தால் மறுப்புத்தான். ஆட்களை ஏற்றாமல் இறக்காமல் அந்தத் துண்டை மட்டும் கடந்துவிடுகிறோம் என்றுகூட ஆபரேட்டர்கள் கேட்டுப் பார்த்தார்கள். திட்டத்திலேயே இடம் இருந்தால் ஒழிய அதுவும் முடியாது என்று 1985-ல் ஆதர்ஷ் டிராவல்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூறிவிட்டார்கள். தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தபோது, அதிகபட்சம் 20 கிலோமீட்டர் ரூட்டில் 4 கிலோமீட்டர் மட்டும் ஏற்கெனவே பஸ் ஓடும் சாலையில் போகலாம் என்று வைத்தது இதனால்தான். கிராமத்திலிருந்து புறப்பட்ட வண்டி பஸ் ஸ்டாண்டு வரை போனதா, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுத் திரும்பியதா என்பது அந்த நான்கு கிலோமீட்டர் எங்கே தொடங்கியது என்பதைப் பொறுத்திருந்தது. மறுக்கப்பட்டவர் இன்று 89-வது பிரிவின்படி மாவட்ட நீதிபதி நிலையிலான தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு கொண்டுபோகிறார். அவர் வக்கீல் முதலில் கேட்பது மறுப்பு உத்தரவின் நகல், அடுத்து ரூட் மேப்.

(தொடரும்)