சுண்ணாம்புப் பூச்சு சொல்லும் விஞ்ஞானம்

தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கெட்டியாகக் கரைத்துக் கனமாகப் பூசினால், காய்ந்ததும் வெடித்து உதிர்ந்துவிடுகிறது. நீர்க்கக் கரைத்து மெல்லியதாகப் பூசினால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கனமானதுதானே பலமானது? பிறகு ஏன் இப்படி? இன்று அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

1821-ஆம் ஆண்டில் தாமஸ் சீபெக் என்ற அறிஞர், இருவகை உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. உலோகங்களில் மின்சாரம் ஓடியதே அதற்குக் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் நாட்டில் மின்சாரம் எட்டாத ஊர்களில், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டைக் கொண்டே வானொலிப் பெட்டியை இயக்கினார்கள்.

இன்று விஞ்ஞானிகள், பிஸ்மத் டெல்லுரைடு என்னும் பொருளை, வளையும் பிளாஸ்டிக் தாளின்மேல் மிக மெல்லிய படலமாகப் படியச் செய்கிறார்கள். அதன் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். நம் உடம்புச் சூட்டிலேயே இயங்கும் சிறு கருவிகளைச் செய்வது அவர்கள் நோக்கம்.

ஆனால் அப்பொருள் எளிதில் நொறுங்கும். சூடேறும்போது படலமும் தாளும் ஒரே அளவாக விரிவதில்லை. ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. இழுத்துப் பிடித்த ரப்பரில் போல, படலத்தினுள் ஆற்றல் சேர்கிறது. விரிசல் நீள்வதற்கு இந்த ஆற்றல்தான் தீனி. இழுவிசை ஒரே அளவாக இருந்தால், படலத்தின் கனம் இருமடங்கானால் விரிசலுக்குக் கிடைக்கும் தீனியும் இருமடங்காகும். ஓர் எல்லைக்கும் கீழே மெல்லியதாகிவிட்டால் தீனி போதாமல் விரிசல் நின்றுவிடும். காய்ந்து சுருங்கும் சுண்ணாம்பிலும் நடப்பது இதுவே.

வளைப்பதிலும் இப்படித்தான். தென்னை ஈர்க்கு வளைகிறது, மட்டை முறிகிறது. 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், அரை மில்லிமீட்டர் கனமுள்ள தாளின் வெளிப்புறம் 20-இல் ஒரு பங்கு நீள வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ள தாளுக்கு 200-இல் ஒரு பங்கு நீண்டால் போதும்.

அப்படியானால் மேலும் மேலும் மெல்லியதாக்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் மிக நெருங்கிவிட்டால் இரண்டுக்கும் உள்ள சூட்டு வேற்றுமை குறைகிறது, மின்சாரமும் குறைகிறது. உடையவும் கூடாது, பயனற்றுப் போகவும் கூடாது. அந்த நடு அளவைக் காண்பதே விஞ்ஞானிகளின் பாடு.

பிள்ளைகளே, களிமண்ணைக் குழைத்து, ஒரு தகரத் துண்டில் கனமாகவும் மற்றொன்றில் மெல்லியதாகவும் பூசி நிழலில் காய விடுங்கள். எது முதலில் வெடிக்கிறது என்று பார்த்து, ஏன் என்பதை அம்மா அப்பாவுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.