பதவியைப் பறிக்கும் ஊரா?

பெங்களூரிலிருந்து காரில் புறப்பட்டால் நான்கு மணி நேரத்தில் சாமராஜநகர். ஆனால் கர்நாடக முதல்வர்கள் பலர் பதவிக்காலம் முழுவதும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. ஊருக்குள் கால் வைத்தால் நாற்காலி போய்விடும் என்ற பயம்தான் காரணம். 1997-ல் மைசூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கியபோதுகூட முதல்வர் ஜே.எச். படேல் தொடக்க விழாவை மாதேஸ்வரன் மலையில் வைத்துக்கொண்டார்.

ஊரின் 'ராசி'க்குப் பலியானவர்கள் என்று ஒரு பட்டியலே சொல்வார்கள்: தேவராஜ் அர்ஸ், குண்டு ராவ், ராமகிருஷ்ண ஹெக்டே, எஸ்.ஆர். பொம்மை, வீரேந்திர பாட்டீல். உண்மை வேறு. 1980-ல் அர்ஸைக் கைவிட்டவர்கள் அவருடைய எம்.எல்.ஏ.க்கள். 1983-ல் குண்டு ராவைத் தோற்கடித்தவர்கள் வாக்காளர்கள். ஹெக்டேயை 1988-ல் வீழ்த்தியது தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரம். பாட்டீலை 1990-ல் நீக்கியது காங்கிரஸ் மேலிடம்.

பொம்மையின் கதைதான் முக்கியமானது. 1989-ல், சட்டசபையில் பலத்தை நிரூபிக்க வாய்ப்பே தராமல் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு முதல்வருக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சபையில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று 1994-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. இன்று நாடு முழுவதற்கும் அதுதான் வழிகாட்டி.

கர்நாடக சட்டசபையில் 224 உறுப்பினர்கள். 113 பேர் ஆதரித்தால் ஆட்சி. சட்டம் இயற்றுவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, அமைச்சரவையைத் தட்டிக் கேட்பது எல்லாம் இவர்கள் வேலை. இதில் சாமராஜநகர் மாவட்டத்தின் பங்கு நான்கு: சாமராஜநகர், குண்டல்பேட்டை, கொள்ளேகால், ஹனூர். நான்கு பேரை வைத்து எந்த ஆட்சியையும் கவிழ்த்துவிட முடியாது.

ஆனால் ஒரு ஓட்டின் மதிப்பை இந்த மாவட்டம் போல் உணர்ந்தவர்கள் குறைவு. 2004-ல் இங்கிருந்த சந்தேமரஹள்ளி தொகுதியில் காங்கிரஸின் துருவநாராயணா வென்றது ஒரே ஒரு ஓட்டில்.

பயத்தை உடைத்தவர் சித்தராமையா. 2013-ல் முதல்வரானதும் சாமராஜநகருக்குப் போனார். பிறகும் பலமுறை போனார். ஐந்தாண்டுகளையும் முழுதாக முடித்தார். 2018-ல் ஆட்சி போனபோது 'ராசி' மறுபடி பேசப்பட்டது. ஆனால் 2023-ல் அவரே மீண்டும் முதல்வர். 2025 ஏப்ரலில் மாதேஸ்வரன் மலையில் அமைச்சரவைக் கூட்டத்தையே நடத்தினார்.

இத்தனை காலப் பயத்தில் நஷ்டப்பட்டது முதல்வர்கள் அல்ல. தங்கள் குறையை முதல்வரிடம் நேரில் சொல்ல முடியாமல் போன சாமராஜநகர் மக்கள்தான்.