போன பூனைக்காக அழலாம், வந்த குட்டியைக் காப்பாற்றலாம்



ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். எப்போதும் முதலில் வந்து பாய் விரிக்கும் ஒரு அக்கா அன்று ஓரமாக உட்கார்ந்திருந்தார். சேமிப்பைக் கட்டினார், கையெழுத்துப் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. விசாரித்தால், ஒன்பது வருஷம் வளர்த்த பூனை செத்துப் போச்சாம்.

"பூனைக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?" என்று ஒருவர் சிரித்தார்.

"மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு ராத்திரியில எனக்குத் துணையா இருந்தது அதுதானே" என்றார் அக்கா. சிரித்தவர் தலை குனிந்தார்.

அதே ஊரில் யாரோ சாக்கில் கட்டி வீசிய மூன்று குட்டிகள் கிடப்பதாக இன்னொரு உறுப்பினர் சொன்னார். "வேணாம்மா, இன்னொண்ணு சாகறதைப் பார்க்க என்னால முடியாது" என்று அக்கா மறுத்துவிட்டார். நம்மில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காரணத்தைக் கேளுங்கள்

"கண்ணு பட்டுடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. எதனால் செத்தது என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் காப்பாற்ற முடியும்.

• எலி மருந்து: மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்து. அக்காவின் பூனைக்கு நடந்தது இதுதான். மருந்து வைக்கும் முன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். எலிப்பொறி நல்லது.

• நம் மாத்திரை: காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

• வாந்தி, பேதி நோய்: பார்வோ வகை வைரஸால் பூனைக்கு வரும் இந்த நோய்க் கிருமி வீட்டுக்குள் ஒரு வருஷம் வரைகூட இருக்கும். இதனால் பூனை இறந்திருந்தால் பழைய துணி, தட்டை எரித்துவிடுங்கள். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். பினாயில் பூனைக்கு விஷம், வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டியை அந்த வீட்டுக்கு உடனே கொண்டு வராதீர்கள்.

கொஞ்ச நாள் மட்டும் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். காப்பகங்களில் எப்போதும் இடநெருக்கடி. கூட்டத்தில் சின்னக் குட்டிகளுக்கு நோய் சீக்கிரம் தொற்றும். அதனால் குட்டி தேறும்வரை சில வாரம் ஒரு வீட்டில் வைத்து வளர்த்து, பிறகு நிரந்தரமான வீட்டில் ஒப்படைக்கிறார்கள். சென்னையில் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் நகரத்தில்தான் உள்ளன. நம் ஊரில் நம் குழுவே அந்த வேலையைச் செய்யலாம். மனசு ஆறாதவர்களுக்கும் இது நல்ல வழி. 'இதுவும் நம்மோடயே இருக்கணும்' என்ற பாரம் இல்லை.

குட்டியைக் கவனிப்பது எப்படி?

1. முதலில் சூடு. அட்டைப் பெட்டியில் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போடுங்கள். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் ஊற்றாதீர்கள். உடம்பு சூடான பிறகே கொடுக்க வேண்டும்.

2. நாலு வாரம் வரை பால்தான். பசும்பாலை அப்படியே கொடுத்தால் பேதியாகும். என்ன பால், எவ்வளவு என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மல்லாத்திப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

3. மூன்று வாரத்துக்குள் உள்ள குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய்ப்பூனை நக்குவதுபோல, ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

4. பிறகு, உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன், கோழி. பால் சோறு மட்டும் பூனைக்குப் போதாது.

5. பூச்சி மருந்து கொடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். குட்டிகளைச் சாக்கில் கட்டி வீசும் பாவம் அப்போதுதான் குறையும்.

நம்மையும் பார்த்துக்கொள்வோம்

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ளக் கூடாது, வேறு யாராவது செய்யட்டும்.

அக்கா என்ன செய்தார்?

"ரெண்டு வாரத்துக்கு மட்டும்" என்று மூன்று குட்டிகளையும் எடுத்துப் போனார். ஒன்று நாலாம் நாள் இறந்தது. அன்றைக்கும் அழுதார். ஆனால் மற்ற இரண்டுக்கும் பால் கொடுக்க ராத்திரி எழுந்தார். இப்போது ஒன்று பக்கத்துக் குழு உறுப்பினர் வீட்டில் இருக்கிறது. இன்னொன்றைக் கேட்டு வந்தவரிடம், "அது எங்கேயும் போகாது" என்று சொல்லிவிட்டார். முதல் ஆளாக வந்து பாய் விரிப்பதும் மறுபடி தொடங்கிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்: நம் ஊரில் கைவிடப்பட்ட குட்டிகள் எத்தனை? கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள யார் தயார்?