கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

கியர் லீவர் அசைய மறுத்த நிமிடமே “பாக்ஸ் போச்சு” என்று சொல்லிவிடும் பழக்கம் ஓட்டுநர்களுக்கும் உண்டு, மெக்கானிக்குகளுக்கும் உண்டு. பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி தப்பாகிப் போகிறது. கோளாறு கிளட்ச்சில் இருக்கலாம், ஹேண்ட் பிரேக்கில் இருக்கலாம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே முறுக்கேறி நிற்கும் தண்டுகளில் இருக்கலாம். பாக்ஸை இறக்கிப் பிரித்துப் போட்ட பிறகு இது தெரியவந்தால் கூலி வீண். நன்றாக இருந்த பெட்டியைப் பிரித்துக் கோத்ததால் புதிதாக வந்து சேரும் கோளாறு தனிக்கணக்கு.

இதை விளக்க லேண்ட் ரோவரைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பைப் பார்த்து உருவாக்கிய வண்டி அது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. போருக்குப் பின் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அலுமினிய உடம்பு. அந்த முதல் தலைமுறை வண்டிகள் இன்றும் தினசரி உழைக்கும் ஓர் இடம் இந்தியாவில் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் டார்ஜீலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய மானேபஞ்சாங் என்ற சிற்றூர். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூ சிகரத்துக்கு 31 கிலோமீட்டர் பாதை ஏறுகிறது. கல்லும் இடையிடையே கான்கிரீட்டுமாக, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் சுற்றுலாப் பயணிகளையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. பல வண்டிகளில் பழைய பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. எது அசல், எது மாற்று என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே கையேட்டை மட்டும் நம்பி அவற்றில் கோளாறு தேட முடியாது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழைய லேண்ட் ரோவரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டிகள். முன்னால் இருப்பது மெயின் கியர் பாக்ஸ்: நான்கு முன் கியர், ஒரு ரிவர்ஸ். அதன் முதுகில் ஒட்டியிருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். மெயின் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை அப்படியே சாலை வேகத்துக்கு அனுப்புவதா, மேலும் குறைத்து மலையேறும் பலமாக மாற்றுவதா என்று அது முடிவு செய்கிறது. முன் சக்கரங்களுக்கும் பலம் போக வேண்டுமா என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. பெரிய லீவர் மெயின் பாக்ஸுக்கு. சிவப்புக் குமிழ் வைத்த லீவர் ஹை, நியூட்ரல், லோ என்று டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும். மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹையிலேயே முன் அச்சும் சேர்ந்துகொள்ளும். லோ போட்டால் முன் அச்சு தானாகவே சேரும்.

சிவப்பு லீவரின் நடு நிலையான அந்த நியூட்ரல்தான் கோளாறு தேடுபவருக்குக் கிடைத்த வரம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, சிவப்பு லீவரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சமதரையில் வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் போதும். வண்டி உருண்டால், இறுக்கம் மெயின் பாக்ஸிலோ கிளட்ச்சிலோ இருக்கிறது. உருளாவிட்டால் மெயின் பாக்ஸ் நிரபராதி. அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸையும் அச்சுகளையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். கட்டை வைக்காமல் இதைச் செய்துவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது முதல் கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது.

பிரேக் என்றதும் பலர் சக்கரத்தைப் பார்ப்பார்கள். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒற்றை டிரம்மாக உட்கார்ந்திருக்கிறது. மழையில் நின்ற வண்டியில் அந்த டிரம்முக்குள் துரு ஏறி லைனிங் ஒட்டிக்கொண்டால், கியர் பாக்ஸே இறுகிவிட்டது போல முழு வண்டியும் அசையாது. கீழே படுத்து, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டினாலே சில நேரம் விடுபட்டுவிடும்.

இன்னொரு குற்றவாளி கண்ணுக்கே தெரியாதவன். பழைய லேண்ட் ரோவரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்தில் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். ஆனால் வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். கான்கிரீட்டில் வழுக்க முடியாது. வளைவுக்கு வளைவு வித்தியாசம் சேர்ந்துகொண்டே போக, ஈரத்துணியைப் பிழிவதுபோல் புரொபெல்லர் ஷாஃப்ட்டும் ஆக்ஸிலும் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்களைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு லீவர் லோவிலிருந்து வெளியே வராது. வந்தாலும் மஞ்சள் குமிழ் மேலே எழும்பாது. கல்பாதையில் ஏறும்போது எந்தத் தொல்லையும் இல்லாமல், கான்கிரீட் போட்ட பகுதியை அடைந்ததும் லீவர் சிக்கிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம், இதுதான். வண்டியைச் சில மீட்டர் ரிவர்ஸில் நேராக எடுத்தால், அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணில் இறக்கினால் முறுக்கு அவிழ்ந்து லீவர் விரல் நுனியில் வந்துவிடும். ஸ்பானரே எடுக்கத் தேவையில்லை. ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியும் அவிழ்க்கலாம் என்பார்கள். தரையை விட்ட கணத்தில் சக்கரம் சுரீரென்று சுழன்று ஜாக்கியைத் தட்டிவிடக்கூடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வண்டி உருள்கிறது, ஆனால் கியர் விழவில்லை என்றால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று. எஞ்சினை நிறுத்திவிட்டால் கியர் விழுகிறதா? நின்ற எஞ்சினில் எல்லாக் கியரும் தடையில்லாமல் விழுந்து, ஓடும் எஞ்சினில் கரகரவென்று அரைத்துக்கொண்டு மறுத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடலை மிதித்த பிறகும் எஞ்சின், பெட்டிக்குள் இருக்கும் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. உறுதிப்படுத்த ரிவர்ஸ் உதவும். ரிவர்ஸில் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் இல்லை. பெடலை மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அதற்குள் தண்டு நின்றிருக்க வேண்டும். அப்போதும் அரைத்தால் பழி கிளட்ச்சின் மேல்தான்.

கிளட்ச்சிலும் மலிவான காரணத்திலிருந்து தொடங்குவதே முறை. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள மாடல் என்றால் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்ததும் கியர் விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழே குனிந்து ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு நகர்கிறதா, ரப்பர் உறை நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இவையெல்லாம் சரியாக இருந்து, வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க நின்றிருந்ததென்றால், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் வேறொரு வம்பும் உண்டு. புது எஞ்சினையும் பழைய பாக்ஸையும் இணைக்கும் தகடு மையம் விலகியிருந்தால், ஃப்ளைவீல் நடுவிலுள்ள சிறிய புஷ், பெட்டியின் தண்டைப் பிடித்து இழுக்கும். பெடல் கடைசிவரை போயும் தண்டு நிற்காது. மலைப்பட்டறைகளில் கைவேலையாகச் செய்த மாற்றங்களில் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

நின்ற எஞ்சினிலும் கியர் அசையவில்லையா? இப்போதுதான் பாக்ஸ் மீது சந்தேகப்படலாம். அப்போதும் அவசரம் வேண்டாம். சில நேரம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே லீவரை மெதுவாக அழுத்தினால் விலகிவிடும். இந்த இடத்தில் முழுப் பலத்தோடு லீவரை இழுப்பவர்கள்தான் சிறு கோளாறைப் பெருஞ்செலவாக்குகிறார்கள். லீவர் நீளமான நெம்புகோல். கையில் கொடுக்கும் பலம் கீழே பல மடங்காகி ஃபோர்க்கை வளைத்துவிடும்.

ஃபோர்க் என்பது கியரைப் பிடித்து நகர்த்தும் கவட்டை. மெயின் பாக்ஸில் மூன்று செலக்டர் தண்டுகள் அருகருகே கிடக்கின்றன: முதல்-இரண்டாம் கியருக்கு ஒன்று, மூன்று-நான்குக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. ஒவ்வொரு தண்டிலும் ஒரு ஃபோர்க் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். தண்டு தன் நிலையில் நிற்க, ஸ்பிரிங் தள்ளும் ஒரு குண்டு அதன் பள்ளத்தில் விழுந்து பிடிக்கிறது. ஒரு தண்டு நகர்ந்தால் மற்ற இரண்டும் நகராதபடி தண்டுகளுக்கிடையே சிறு முளைகள் பூட்டுப் போடுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்துவிடாமல் காப்பது இந்தப் பூட்டுதான். அழகான ஏற்பாடு. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது: பூட்டு கண்காணிப்பது தண்டை, ஃபோர்க்கை அல்ல. ஃபோர்க்கின் போல்ட் தளர்ந்து, தண்டு நியூட்ரலுக்குத் திரும்பியும் ஃபோர்க் இரண்டாம் கியரிலேயே தங்கிவிட்டால் பூட்டுக்கு அது தெரியாது. ஓட்டுநர் மூன்றாம் கியர் போடுவார். கியர்களைத் தாங்கும் ஒரே தண்டை இரண்டு வெவ்வேறு வேகத்தில் சுழலச் சொன்னால் சுழல முடியுமா? பெட்டி கல்லாகிவிடும்.

இந்த நிலையையும் பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். சிவப்பு லீவர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்ச்சை மிதித்து எஞ்சினைக் கிளப்பி, பெடலை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் இரண்டு கியர் ஒன்றாக விழுந்திருக்கிறது. நிற்காமல் ஓடினால் ஒரே கியரில்தான் சிக்கியிருக்கிறது. பின்னது பெரிய ஆபத்தில்லை. இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ சிக்கிய வண்டியை, லோ போட்டுக் கிளட்ச் மட்டும் வைத்து மலையிலிருந்து பட்டறைவரை மெதுவாக இறக்கிவிட முடியும்.

செலக்டர் கோளாறு என்று தெரிந்த பிறகும் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. தரைத்தகட்டையும் நடுமூடியையும் கழற்றினால் பாக்ஸின் மேல்மூடி கைக்கெட்டும். மூடியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஃபோர்க்கை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, போல்ட்டை இறுக்கினால் பல நேரம் வேலை முடிந்தது. லீவரின் அடிநுனி தேய்ந்திருக்கிறதா, ரிவர்ஸ் தவறி விழாமல் தடுக்கும் கீல் சரியான அளவில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

உள்ளே உண்மையிலேயே சேதம் என்றால் எண்ணெய் சொல்லிவிடும். மெயின் பாக்ஸ் பிடிப்பது சுமார் ஒன்றரை லிட்டர்தான். சுத்தமான தட்டில் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் ஓடையைக் கடந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. மஞ்சள் மினுக்கு மிதந்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் சின்க்ரோ கூம்போ வெண்கலப் புஷ்ஷோ தேய்கிறது. காந்தத்தில் இரும்புச் செதில்கள் ஒட்டினால் பேரிங். துண்டாகவே ஒன்று வந்தால் பல் உடைந்திருக்கிறது. அந்தத் துண்டின் இன்னொரு பங்கு எங்காவது இரு பற்களிடையே சிக்கியிருக்கவும் கூடும். எண்ணெய் குறைவாக வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்தால் மெயின் பாக்ஸின் எண்ணெய் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். தரையில் ஒரு சொட்டுகூட விழாமலேயே மெயின் பாக்ஸ் வறண்டுபோகும் விதம் இது.

ஓட்டும் முறையும் பற்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 1971இல் வந்த சீரீஸ் மூன்று மாடலில்தான் எல்லா முன் கியருக்கும் சின்க்ரோமெஷ் கிடைத்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் மூன்றுக்கும் நான்குக்கும் மட்டுமே உண்டு. முதல், இரண்டாம் கியருக்கு இறங்கும்போது நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்து மாற்ற வேண்டும். டபுள் கிளட்ச் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இது பழகாத புது ஓட்டுநர் கையில், கோளாறே இல்லாத பெட்டியும் சிக்கிக்கொண்டது போல்தான் தோன்றும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். “பாக்ஸை இறக்கணும்” என்று மெக்கானிக் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: சிவப்பு லீவர் நியூட்ரலில் வண்டி உருண்டதா, எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் விழுந்ததா, வடித்த எண்ணெயில் என்ன இருந்தது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் இன்னும் இறக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.