வில்லன் என்னும் சொல்

இராமபிரானை ‘வில்லன்’ என்று குறித்து என் மாணாக்கன் ஒருவன் கட்டுரை வரைந்திருந்தான். வகுப்பு நகைத்தது. யான் நகைத்திலேன். வில்லையுடையவன் வில்லன், தமிழிலக்கணப்படி அது வழுவன்று. ஆயினும், திரைப்படங்களிற் கதாநாயகனுக்கு இடர் விளைக்கும் கொடியவனை நம்மவர் வில்லன் என்கின்றனரே, அச்சொல் ஆங்கிலம். அதன் வரலாற்றை அன்று விரித்துரைத்தேன்.

நாட்டுப்புறப் பண்ணைவீட்டை இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பர். அப்பண்ணையிற் பணிபுரிந்தவன் ‘வில்லானுஸ்’. அச்சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து புகுந்தபோது, பிரபுவின் நிலத்தோடு பிணைப்புண்டு, அவரிசைவின்றி அகலவும் உரிமையற்ற குடியானவனைக் குறித்தது. அவன் செய்த குற்றம் யாது? உழுதான், அவ்வளவே. மேலோர் நாவில் அவன் பெயர் முதலிற் பண்பற்றவன் என்றாயிற்று. பின்னர்க் கயவன் என்றாயிற்று.

இன்னும் இரு சொற்கள் உள. பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ற்’, ‘க்னாஃபா’ என்னும் இரண்டும் சிறுவனையும் ஏவலாளனையும் குறித்தன. முன்னையது, அரசர்க்குப் போர்ப்பணி செய்தோர் பெயராய் உயர்ந்து, ‘சேர்’ பட்டம் தாங்கும் ‘நைற்’ ஆயிற்று. பின்னையது வஞ்சகனைக் குறிக்கும் ‘நேவ்’ ஆயிற்று. ஜேர்மன் மொழியிலோ இவற்றின் உடன்பிறப்புக்கள் முறைமாறி நிற்கின்றன: ‘க்னெக்ற்’ இன்றும் ஏவலாளனே, ‘க்னாபெ’ குற்றமறியாச் சிறுவனே. ஆகவே உயர்வும் தாழ்வும் ஒலியில் இல்லை.

இவ்வளவும் கூறி, “உழவனை இழித்தது அவர் மொழி, நம் மொழி அது செய்யாது” என்று பெருமிதத்தோடு முடித்தேன்.

அதே மாணாக்கன் எழுந்தான். “ஐயா, சேரி?” என்றான்.

மக்கள் சேர்ந்துறையுமிடம் சேரி. உத்தரமேரூர் அந்தணர் ஊராகிய சதுர்வேதிமங்கலம், அங்கே 12 சேரிகள் இருந்தமையை முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக் கூறும், ஆண்டு கி.பி. 921. நம் சாவகச்சேரியிலும் அச்சொல் மாசின்றி நிற்கின்றது. (அரசினர் கச்சேரி வேறு, அது இந்துஸ்தானி.) ஆயின் தனித்துச் ‘சேரி’ என்னும்போது நாம் எண்ணுவது யாரை? மனிதரை ஒதுக்கி வைத்தோம். அவருறைந்த இடத்தின் பெயரும் அவரோடு ஒதுங்கிற்று. இதனை யான் அறியாதவனல்லேன். அறிந்தும் வகுப்பிற் சொல்லாது விட்டேன்.

மணி அடிக்கும்வரை விடை கூற இயலவில்லை. மறுநாட் காலை, கரும்பலகையில் வில்லன், சேரி என்னும் இரண்டையும் அருகருகே எழுதிப் பாடத்தைத் தொடங்கினேன்.